அதிகபட்சச் சம்பளம்

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் காயில்காரர் உடனே எடுக்கமாட்டார். முதலில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை நிறுத்துவார். அது முனகி அடங்குவதற்குள் விரல்களில் ஒட்டியிருக்கும் வார்னிஷைத் துணியில் துடைப்பார். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவார். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, அதற்குப் பிறகுதான் "சொல்லுங்க" என்பார். பேசுகிறவருக்கு இவர் பொத்தான் போட்டிருப்பது எப்படித் தெரியும் என்று மூத்த மகள் ஒருமுறை கேட்டாள்.

"குரல்ல தெரியும்மா. உக்காந்துகிட்டுப் பேசுறவன் கைமாத்து கேக்குற மாதிரியே பேசுவான்" என்றார்.

எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதிய செம்புக் கம்பியில் காயில் சுற்றித் தருவது அவர் தொழில். வீட்டின் முன்னறை பட்டறை. பின்னால் இருந்த இரண்டு அறைகளில் குடும்பம். கூலி சொல்லும்போது அவருக்கென்று ஒரு வாசகம் உண்டு: "கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. உள்ளதைச் சொன்னேன்." உண்மையில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். பேரம் பேசுகிறவனுக்கு இடம் விட வேண்டுமே. ஆனால் சொல்லி முடித்ததும் அந்தத் தொகையை அவரே நம்பிவிடுவார். பிறகு யாராவது குறைத்துக் கேட்டால் அவர் முகம் நிஜமாகவே வாடும்.

மூத்தவளுக்கு மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் நியூரோசயின்ஸ் என்று மூளையையும் நரம்பையும் பற்றிய பட்டப்படிப்பைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். சேர்க்கை அறையில் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். ஆலோசகர் அம்மா கணினித் திரையைக் காயில்காரர் பக்கம் திருப்பி வைத்து, சம்பளம் ஏறும் ஒரு கோட்டைக் காட்டினாள். கோடு இடது மூலையில் தரையோடு பிறந்து வலது மூலையில் திரையை விட்டே வெளியேறியது.

"படிச்சு முடிச்சா மாசம் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் வரைக்கும் வரும் சார்."

'சார்' அவர் காதில் விழுந்தது. 'வரைக்கும்' விழவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது மகளிடம் சொன்னார்: "ஒன்றரை லட்சம்னு அடிச்சு விட்டிருக்கலாம். விடல பாரு. சுத்தமா முப்பத்தேழுன்னு சொன்னாங்க. பொய் சொல்றவன் எப்பவும் முழுசாத்தான் சொல்லுவான்."

வங்கியில் கல்விக்கடன் வாங்கினார்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டது அம்மாவின் தம்பி, மாமா. போட்ட கையோடு, "மருமகளே, சம்பாதிச்சதும் மாமாவை மறந்துடாதே. மறந்தாலும் பேங்க்காரன் மறக்கமாட்டான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது.

தெருவில் காயில்காரர் "மூளை டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிவைத்தார். தெரு அதை 'மூளை' என்று சுருக்கிக்கொண்டது. மூளை போகுது, மூளை வருது. எதிர்வீட்டுப் பெரியவர் ஒருநாள் வாசலில் வலிப்பு வந்து விழுந்தபோது அவளைத்தான் ஓடிவந்து கூப்பிட்டார்கள். அவள் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். "இதுக்கு எதுக்குப் படிக்கணும்? போன் இருந்தா பத்தாதா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. யாரும் அதை மறுக்கவில்லை.

அந்தக் குரல் கேட்ட கேள்வியைத்தான் பிறகு எல்லா அலுவலகங்களும் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டன. ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் இரண்டு பட்டம் கேட்டார்கள். மருத்துவமனையில் நோயாளியின் தலையில் பசை தடவி மின்கம்பி ஒட்டும் வேலைக்குக்கூடத் தனி டிப்ளமா இருந்தது. அது அவளிடம் இல்லை. மருந்து கம்பெனிக்காரன் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றான். அவளோடு படித்தவர்களில் ஒருவன் காப்பீடு விற்றான். ஒருத்தி துணிக்கடையில் கணக்குப் பார்த்தாள். 'குட்டையன்' என்று எல்லாரும் அழைத்த முதல் மாணவன், மருந்துக்கடையிலிருந்து வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தான். மூளையின் எந்த மடிப்பில் பயம் குடியிருக்கிறது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். வங்கியிலிருந்து முதல் தவணைக்கான செய்தி வந்த அன்று அந்த இடத்தைத் தொட்டுக் காட்டவே முடிந்திருக்கும்.

இந்த நாட்களில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அதற்கு நாலு நாள் முன்னால் காயில்காரர் பட்டறையிலிருந்து உள்ளே வந்தார். மேல் பொத்தான் போட்டிருந்தது. "நம்ம பொண்ணுக்கு ஒரு இடம் வந்திருக்கு. அவங்களா போன் பண்ணாங்க. பையன் வெளிநாட்டுல. ஞாயித்துக்கிழமை காலைல வர்றாங்க."

"யாருங்க? பேரு என்னவாம்?" என்றாள் அம்மா.

"வந்தா சொல்லப்போறாங்க. நல்ல குடும்பம். குரலைக் கேட்டாலே தெரியுது."

வெள்ளிக்கிழமை முன்னறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சனிக்கிழமை மோட்டார்களையெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிப் போர்வையால் மூடினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஆறு நாற்காலிகள் இரவல் வந்தன. ஆறும் ஒரே நிறம். காயில்காரர் அவற்றை ஒரு தடவை வட்டமாகவும் ஒரு தடவை வரிசையாகவும் போட்டுப் பார்த்தார். அம்மா பலகாரம் செய்து மூடி வைத்தாள். ஞாயிறு காலை மூத்தவள் உறவுக்காரி ஒருத்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு, வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

யாரும் வரவில்லை. மதியத்துக்கு மேல் காயில்காரர் அந்த எண்ணைத் திருப்பி அழைத்தார். அழைப்பு போகவே இல்லை. சாயங்காலம் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டம்மா உட்காரும் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "துடைக்கவே வேணாம் போல" என்று மட்டும் சொன்னாள்.

"கடன் சமாச்சாரத்தை எவனோ போட்டுக் குடுத்துட்டான்" என்றார் காயில்காரர்.

அம்மாவின் முடிவு வேறு. "தெருமுனை வரைக்கும் வந்திருப்பாங்க. நீதான் வாசல்ல வந்து வந்து நின்னியேடி! யாரு நிக்கச் சொன்னா? மூஞ்சியப் பாத்துட்டு அப்படியே வண்டியைத் திருப்பியிருப்பாங்க."

அன்றிலிருந்து மூத்தவள் வாசலில் நிற்பதில்லை. வெளியே போவதென்றால் தலையைக் குனிந்துகொண்டு விடுவிடென்று போய்விடுவாள். திருப்பப்பட்ட ஒரு வண்டியை அவள் மனதுக்குள் பலமுறை பார்த்துவிட்டாள். அதற்கு ஒரு நிறம்கூட வந்துவிட்டது. வெளிர் நீலம்.

ஓராண்டு டியூஷன் எடுத்துக் கழிந்தபின் அவளுக்கு வேலை கிடைத்தது. கொடுத்தது அவள் படித்த அதே கல்லூரி. மாடிப்படிக்கு அடியில் சன்னல் இல்லாத அறை, இரண்டு மேசை, காதில் மாட்டும் போன் இரண்டு. படித்து முடித்துப் போனவர்களை அழைத்து, இப்போது என்ன வேலை, மாதம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். அங்கிருந்து வெளியே பேசலாம், வெளியிலிருந்து யாரும் திருப்பி அழைக்க முடியாது. ஒப்பந்த வேலை. சம்பளம் பதினெட்டாயிரம். அதில் தவணைக்குப் பதினோராயிரம் போய்விடும்.

இன்னொரு மேசையில் இருந்தவளை எல்லாரும் மைனா என்பார்கள். வாய் ஓயாது. ஆனால் போனில் அவள் குரல் வேறு. பட்டில் சுற்றித் தருவதுபோல் பேசுவாள். மூத்தவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அவள்தான்.

"பேரு இருக்காது, வரிசை எண் மட்டும்தான். சேரும்போது எழுதிக்குடுத்த போன் நம்பரு. முக்காவாசி அப்பா, அம்மா நம்பருதான் இருக்கும். 'பட்டதாரிகள் நலன் ஆய்வு மையத்திலிருந்து பேசுறோம்'னு ஒரே மூச்சுல சொல்லிடு. யாருக்கும் புரியாது. புரிஞ்சா காலேஜைத் திட்ட ஆரம்பிச்சிடுவாங்க."

"அவங்க சொல்ற சம்பளம் நிஜமான்னு எப்படித் தெரியும்?"

"உனக்கு எதுக்குத் தெரியணும்? சொன்னதைப் பதிவு பண்ணு, மேல அனுப்பு. மேல கூட்டி வகுத்துக்குவாங்க."

வேலை பழகப் பழக மூத்தவளுக்கு விஷயம் விளங்கியது. சம்பாதிக்காதவர்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும், பெற்றவர்கள் இரண்டே வகை. கடன்காரன் என்று நினைத்தால், "ஐயோ, பையன் சும்மாத்தான் இருக்கான்" என்பார்கள். சம்பந்தம் பேச வந்த இடம் என்று நினைத்தால், பையன் வாய்க்கு வந்தபடி சம்பாதிப்பான். கடன்காரனோடு பேசினவர்கள் பாதியில் வைத்துவிடுவார்கள். பாதியில் வைத்தால் பதிவு செய்யக்கூடாது என்பது விதி. ஆகவே மேலே போனதெல்லாம் கல்யாணச் சந்தைச் சம்பளம்தான்.

யாராவது குறைவான தொகை சொன்னால் மைனா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இவரை நம்ம சாம்பியன் அப்பாகிட்ட டியூஷனுக்கு அனுப்பணும்" என்பாள். சாம்பியன் அப்பா என்பவர் அவள் அழைத்ததிலேயே பெரிய தொகை சொன்ன ஆள். கதையை முழுதாகச் சொல்வதற்குள் அடுத்த எண்ணை அழைக்க வேண்டியிருக்கும். மூத்தவளும் சிரிப்பாள். அந்த அறையில் சிரிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

ஒருநாள் வீட்டில் கேட்டாள். "அப்பா, எப்பவாவது காலேஜ்லேருந்து உங்களுக்குப் போன் பண்ணி என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"காலேஜ்லேருந்தா? இல்லியே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த ஆண்டு சின்னவன் பள்ளியை முடித்தான். அவனுக்கும் மதிப்பெண் எட்டவில்லை. கல்லூரி புதிதாக அச்சடித்த விளம்பரப் புத்தகத்தை அவன்தான் கொண்டுவந்தான். வழவழவென்ற தாள். நியூரோசயின்ஸ் பக்கத்தில் மூளையின் படம், அதற்கு நேர் கீழே சிவப்பு எழுத்தில்: அதிகபட்சச் சம்பளம், மாதம் ரூ. 1,37,000. ஆண்டும் போட்டிருந்தது. மூத்தவள் படித்து முடித்த ஆண்டு.

காயில்காரர் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தார். 

"பாத்தியா? அதே நம்பரு! அன்னிக்கு அந்தம்மா சொன்னாங்களே, நூல் பிசகல. கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல. சொன்ன தொகையைக் குடுத்துட்டாங்க பாரு!" மகளைப் பார்த்தார். "உன் கூடத்தானே படிச்சிருக்கான் எவனோ ஒருத்தன்? அதே வாத்தியாரு, அதே பெஞ்சு."

பக்கத்தைக் கத்தரித்து, கம்பி சுற்றும் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினார். மோட்டாருக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். 'பொண்ணும் அங்கதானே படிச்சுது?' என்று கேட்டவர்களிடம், "படிச்சுது. எல்லா முட்டையுமா குஞ்சு பொரிக்குது?" என்றார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளுக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

சின்னவனும் அதே படிப்பில் சேர்வதென்று முடிவானது. மாமா இந்த முறை ஜாமீன் போட மறுத்துவிட்டார். "ஒரு கழுத்துக்கு ஒரு கயிறு போதும் மச்சான்" என்றார் காயில்காரரிடம். ஆகவே வீட்டை அடமானம் வைக்க வேண்டும். பட்டறையும் பின்னால் இருந்த இரண்டு அறைகளும்தான் வீடு. அதோடு ஒரு சலுகையும் இருந்தது. ஊழியரின் உடன்பிறந்தவர் என்றால் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. மூத்தவளின் வேலை கடைசியில் அதற்குத்தான் பயன்பட்டது.

வங்கிக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை மூத்தவள் பட்டறையில் வந்து நின்றாள். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அம்மா நிலைப்படியில் சாய்ந்திருந்தாள்.

"அப்பா, கையெழுத்துப் போடாதீங்க. அந்த நம்பரு பொய். நான் அந்த ரூம்லதான் உக்காந்திருக்கேன். எவனும் அவ்வளவு வாங்கல. அப்பா அம்மாங்க வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க, நாங்க பதியறோம், இவங்க அச்சடிக்கிறாங்க. படிச்சு முடிச்சாலும் இன்னும் ஆறேழு வருஷம் படிச்சாத்தான் இந்தத் துறையில வேலை. இல்லன்னா வேற ஏதாவது துறைக்குப் போகணும். அந்த வேற வேலைக்கு இந்தப் படிப்பே வேணாம். என் தவணையே இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அவன் தவணையும் சேர்ந்தா நீங்க எத்தனை மோட்டார் கட்டணும்னு கணக்குப் போட்டுப் பாருங்க."

காயில்காரர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ வாங்கல. அதனால எவனும் வாங்கக்கூடாது. அப்படித்தானே?"

"அக்கா மூளையைப் பத்திப் படிச்சா. யூஸ் பண்றது சிலபஸ்ல இல்ல போல" என்றான் சின்னவன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கூடப்பொறந்தவன் நல்லா வந்துட்டா இவளுக்கு எங்க குத்திக்காட்டுவானோன்னு பயம்" என்று சேர்த்துக்கொண்டாள். "உன்னைப் பாக்க வந்தவங்கதான் திரும்பிப் போனாங்க. அவனுக்கு வர்றதையும் திருப்பி அனுப்பாதே."

மூத்தவள் போனை எடுத்தாள். குட்டையன் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற விஷயம் அவளுக்குத் தெரியும். போன வாரம்கூட, வாங்குகிற பன்னிரண்டாயிரத்தில் பாதி பெட்ரோலுக்கே போகிறது என்று அழாத குறையாகப் பேசினான். "இவன்தான் எங்க கிளாஸ்ல முதல் மார்க். இவன் வாயாலயே கேளுங்க" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய், சும்மா ஒரு விஷயம். இப்ப நீ மாசம் எவ்வளவு வாங்குற?"

மறுமுனையில் தட்டு வைக்கும் சத்தம், ஒரு பெண்ணின் இருமல்.

"எண்பத்தஞ்சு" என்றான் குட்டையன். "எண்பத்தஞ்சாயிரம். ஏன், வேலை எதுவும் வேணுமா உனக்கு? சொல்லிப் பாக்கவா?"

 காயில்காரர் எழுந்து, மெஷினின் சுவிட்சைப் போட்டார். அது சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேல் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் போனில் செய்தி வந்தது: "சாரி. அம்மா பக்கத்துல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்குத் தெரியாது."

அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். அவர் படித்தார். "இப்ப இவனையும் உனக்காகப் பொய் சொல்ல வைக்கிறியா?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் வங்கியில் காயில்காரர் மேல் பொத்தான் போட்டுக்கொண்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கடன் தாள்களோடு கல்லூரியின் தள்ளுபடிப் படிவமும் இருந்தது; அதற்கு ஊழியரின் கையெழுத்து தேவைப்பட்டது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மூத்தவள் போட்டாள். போடாமல் வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது என்பது அவளுக்கு அந்த நேரத்தில் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

சின்னவன் சேர்ந்தான். முதல் ஆண்டு முடிவதற்குள், தனக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் மாலையில் வாடகைக் கார் ஓட்டுகிறார் என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். வீட்டில் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கட்டின காசு திரும்ப வராதாம்" என்றான். அவள் ஆறுதலாக ஒன்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

அந்த மாதக் கடைசியில் மைனா வேலையை விட்டாள். கடன் வசூல் கம்பெனியில் கூடுதல் சம்பளம். "அதே ஆளுங்கதான்டி. இவ்வளவு நாள் எவ்வளவு வாங்குறீங்கன்னு கேட்டேன். இனிமே எப்ப கட்டுறீங்கன்னு கேக்கப் போறேன்" என்றாள். படிக்கு அடியில் இருந்த அந்த அறையில் இருவரும் கடைசியாகத் தேநீர் குடித்தார்கள்.

"ஏன்டி, சாம்பியன் அப்பா கதையை உனக்கு முழுசா சொல்லவே இல்லல்ல?" மைனா காலை மடக்கிக்கொண்டு வசதியாக உட்கார்ந்தாள். "புக்குல போட்டாங்களே ஒரு லட்சத்து முப்பத்தேழு, அது அவரு குடுத்ததுதான். போனை எடுக்கவே அவ்வளவு நேரம். 'சொல்லுங்க'ன்னாரு பாரு, மைக் முன்னாடி நிக்கிற மாதிரி தொண்டையைச் செருமிகிட்டு. உங்க பொண்ணு எவ்வளவு வாங்குறாங்கன்னு கேட்டேன். டக்குனு சொன்னாரு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. 'சரியா சொல்றீங்களா சார்?'னேன். 'கூட்டியும் சொல்லல, குறைச்சும் சொல்லல அம்மாடி. உள்ளதைச் சொன்னேன்'ங்கிறாரு!"

மூத்தவள் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

"இரு, தமாஷே இனிமேதான். 'மாப்பிள்ளை என்ன பண்றாரும்மா?'ன்னு கேக்குறாரு. நான் பொண்ணு கேட்டுப் பேசுறேன்னு நினைச்சிட்டாரு. எனக்கு அன்னிக்குன்னு பொழுதே போகல. மாப்பிள்ளை வெளிநாட்டுல சார், ஞாயித்துக்கிழமை காலைல பாக்க வர்றோம்னு எடுத்து விட்டேன். தாராளமா வாங்க வாங்கன்னு ஒரே சந்தோஷம். எத்தனை பேரு வருவீங்கன்னு வேற கேட்டாரு." சொல்ல முடியாமல் மைனா சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"எத்தனை பேருன்னு சொன்ன?" என்று கேட்டாள் மூத்தவள்.

மைனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆறு."